ஈரநிலத்துக்குத் தண்ணீர் விடும் முன் ஊரைக் கேளுங்கள்

ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையில் நீராண்டு (நீரை ஒதுக்கிக் கணக்கு வைக்கும் ஆண்டு) ஜூலை 1-ல் தொடங்குகிறது. எந்த ஈரநிலத்துக்கு, எப்போது, எத்தனை மெகாலிட்டர் தண்ணீர் விடுவது என்ற திட்டம் அதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும். (ஒரு மெகாலிட்டர் என்றால் 10 லட்சம் லிட்டர்.) திட்டத்தின் வரைவு முடிந்த பிறகு ஊரைக் கூப்பிட்டால் அது கலந்தாய்வே இல்லை, வெறும் அறிவிப்பு.

முதலில் வெள்ளம் பரவும் வரைபடத்தை மேஜையில் விரியுங்கள். "இந்த மட்டத்துக்கு நீர் ஏறினால் உங்கள் பக்கம் எது முதலில் முழுகும்?" என்று கேளுங்கள். மாடு ஓட்டிப் போகும் பாதை, தூர்ந்துபோன மதகு, சாய்ந்த வேலி எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். கணினி மாதிரியில் இவை பெரும்பாலும் இருக்காது. தனியார் நிலம் நனையுமென்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

மர்ரே ஆற்றங்கரையிலுள்ள பார்மா காட்டில் யோர்டா யோர்டா மக்களைப் போல, அந்தந்த மண்ணின் பூர்வகுடிகளை இலக்கு வகுக்கும் கட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தச் செடி, எந்த மீன், எந்தப் பருவம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மிக அதிகம் சண்டை வருவது நீரை நிறுத்தும் தேதியில்தான். அரிவாள் மூக்கன்கள் கூடு கட்டியிருக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கினால் குஞ்சுகளை விட்டுப் பறந்துவிடும். ஆகவே குஞ்சு பறக்கும்வரை தாங்கும் கூடுதல் நீரை முன்பே ஒதுக்கிவையுங்கள். அதே வாரங்களில் பாசனக்காரர்களுக்கும் வாய்க்கால் தேவைப்படும். யாருக்கு எவ்வளவு கொள்ளளவு என்பதைத் தேதியோடு எழுதிவையுங்கள்.

கோடையில் சருகு மண்டிய தரையில் நீர் விட்டால் கறுப்பு நீராகி ஆக்சிஜன் குறையும், மீன் செத்து மிதக்கும். இந்த அபாயத்தை மீன்பிடிப்போரிடம் மறைக்காதீர்கள்.