ஸ்பீட்ஸ்டர் வேஷம் போட்ட பீட்டில்

பெங்களூரில் யாராவது ஒரு வண்டியைக் காட்டி, போர்ஷேயின் பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் காரான 356 ஸ்பீட்ஸ்டர் என்று சொன்னால், முன் மட்கார்டில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையா, ஃபைபர் பாடி, ரெப்ளிகா, அதாவது அசலைப் போலவே செய்த நகல். 1954-ல் வந்த அசலுக்கு இரும்புத் தகடு.

ரெப்ளிகா என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. சில்க் போர்டு நெரிசலில் ஒரு கீறல் விழுந்தாலும் தூக்கம் கெடாது. ஆனால் பெயின்ட் பளபளப்பில் மயங்காமல் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் ஃப்ளோர் பான், அதாவது பாடியைத் தாங்கும் அடித்தரை. பீட்டில் வீல்பேஸ் (முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடைவெளி) 2,400 மி.மீ., 356-க்கு 2,100. ஆகவே 300 மி.மீ. வெட்டி எடுத்து வெல்ட் அடிக்கிறார்கள். வினையே அங்கேதான். தரையின் நடுவே நீளவாக்கில் ஓடும் டனலுக்குள் கியர் ராடு, கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், பெட்ரோல் பைப் எல்லாம் ஓடுகின்றன. அத்தனையும் அதே அளவு குறைய வேண்டும். கேபிள் போகும் குழாய் வெல்டிங்கில் கொஞ்சம் விலகினாலும் கிளட்ச் கேபிள் உரசி, இழை இழையாகப் பிரிந்து, ஒருநாள் சிக்னலில் அறும். பெட்ரோல் பைப்பை டனலுக்குள்ளேயே ரப்பர் ஹோஸ் போட்டு இணைத்திருந்தால் அந்த வண்டியே வேண்டாம். கசிவது கண்ணுக்குத் தெரியாது.

ஸ்டீயரிங்கை நேராக வைத்து, இரண்டு பக்கமும் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையத்துக்கு டேப் பிடியுங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால், பான் கோணலாக ஒட்டியிருக்கிறதோ என்று சந்தேகப்படலாம்.

ஹெட்லைட் மங்கலாக எரிகிறதா? ஃபைபரில் எர்த் கிடைக்காது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். இன்ஜின் சீக்கிரம் சூடேறினால் ஆயிலைக் குறை சொல்வதற்கு முன், இன்ஜினைச் சுற்றியுள்ள தகடும் ரப்பர் சீலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால் கீழே தள்ளிய சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கும்.

அசலின் நோய் துரு. முன் டிக்கியில் பேட்டரி உட்காரும் தரையும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டமும் முதலில் போகும். பாடியும் தரையும் சேர்த்து வெல்ட் செய்தவை என்பதால் சட்டம் அரித்தால் வண்டியே நடுவில் தொய்யும். கதவு இடுக்கு மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று காட்டிக்கொடுக்கும். பட்டி பூசி இதை மறைப்பவர்கள் உண்டு. காந்தம் இங்கேயும் உதவும்.

கடைசியாக ஆர்.சி. 2021 விதிப்படி, 50 வயது தாண்டி அசல் வடிவம் மாறாத வண்டிக்குத்தான் வி.ஏ. நம்பர், அதாவது வின்டேஜ் வண்டிக்கான தனிப் பதிவு எண். ஃபைபர் பாடி மாட்டிய பீட்டிலுக்கு அந்த வழி இல்லை. பீட்டில் சேஸிஸ் நம்பர் பின்சீட்டுக்கு அடியில், டனலின் மேல் அடித்திருக்கும். வெட்டிய 300 மி.மீ.யோடு அதுவும் போய்விட்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.