அம்மா கண் சிமிட்டிய கதை

இறந்தவருக்குச் சான்றிதழ் ஒரு முறை வாங்கினால் போதும். ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருப்பதற்கு ஆண்டுதோறும் வாங்க வேண்டும். அப்பா ரயில்வேயில் இருந்தவர். அவருக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வருகிறது. மத்திய அரசு ஓய்வூதியம் என்பதால் உயிர்வாழ் சான்றிதழுக்கு நவம்பர் மாதம். எண்பதைத் தொட்டவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். அம்மாவுக்கு எண்பதுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. கொடுக்கத் தவறினால் பணம் நின்றுவிடும். பிறகு கொடுத்தால் நிலுவையோடு வரும் என்பது விதிதான், ஆனால் மருந்துக்கடைக்காரருக்கு அந்த விதி தெரியாது.

மயிலாடுதுறையில் நவம்பர் என்றால் அடைமழை. ஐப்பசி மாதம் முழுக்கத் துலாக் கட்டத்தில் காவிரி முழுக்கு நடக்கும். கடைசி நாள் கடைமுழுக்கு. அதற்கும் வந்து சேர முடியாத முடவன் ஒருவனுக்காகச் சிவபெருமான் கார்த்திகை முதல் நாளையும் கணக்கில் சேர்த்தார் என்பது ஐதீகம். முடவன் முழுக்கு என்று இன்றும் குளிக்கிறார்கள். தாமதமாக வந்தவனுக்கு ஒரு நாள் கூட்டிக் கொடுத்த ஊர் இது. வங்கியில் முடவன் முழுக்கு கிடையாது.

வங்கிக்குப் போவதென்றால் அம்மாவுக்குக் கொண்டாட்டம். பீரோவிலிருந்து அரக்குச் சேலை வெளியே வரும். அங்கே பெஞ்சு முழுக்க ஓய்வூதியக்காரர்கள். எல்லோர் மடியிலும் மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் உறையில் ஆதார் அட்டை. அவர்கள் டோக்கனைப் பார்ப்பதைவிட ஒருவரையொருவர் பார்ப்பதுதான் அதிகம். "ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அம்மா எங்கே, காணோமே?" என்று ஒருவர் கேட்டார். "மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள்" என்று அம்மா சொன்னதும் கேட்டவர் முகம் தெளிந்தது. உண்மையான கணக்கெடுப்பு அந்தப் பெஞ்சில்தான் நடக்கிறது.

கவுன்ட்டரில் இருந்த அதிகாரி அம்மாவை நன்றாக அறிந்தவர். மூட்டுவலி எப்படி இருக்கிறது, பேத்திக்கு வரன் அமைந்ததா என்றெல்லாம் விசாரித்தார். அம்மா பதில் சொல்லிக்கொண்டே கைரேகைக் கருவியில் விரலை வைத்தாள். கருவி அம்மாவை ஏற்கவில்லை. புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளைப் பாத்திரம் தேய்த்தே ரேகை கரைந்துபோன விரல்கள் அவை. ஆள்காட்டி விரல், நடுவிரல், கட்டை விரல், அடுத்த கை என்று எல்லாம் பார்த்தாயிற்று. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வையுங்கள் என்று பின்னால் நின்றவர் யோசனை சொன்னார். "நீங்கள் உயிரோடு இருப்பது எனக்குத் தெரிகிறது அம்மா, இதற்குத்தான் தெரியவில்லை" என்றார் அதிகாரி. காகிதப் படிவத்தில் வங்கி அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டும் கொடுக்கலாம். அதற்கான அதிகாரம் உள்ளவர் அன்று விடுப்பு.

இ-சேவை மையத்துக்குப் போனோம். அங்கேயும் அதே விரல், அதே கதை. ஆனால் படிவத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. மையத்தில் இருந்த இளைஞன் திரையைப் பார்த்தபடியே, "பாட்டி, தப்பாக நினைக்காதீர்கள். மறுமணம் செய்துகொண்டீர்களா?" என்றான்.

"நல்ல இடமாக இருந்தால் சொல்லு தம்பி, யோசிக்கலாம்."

அவன் காது சிவந்துவிட்டது. அடுத்த கேள்வி, மறுபடி வேலையில் சேர்ந்திருக்கிறீர்களா? "அடுப்படியில் இன்னும் ஓய்வே கொடுக்கவில்லை. மறுபடி எங்கே சேர்வது?" என்றாள் அம்மா. இரண்டுக்கும் 'இல்லை' என்று அவனே குறித்துக்கொண்டான்.

தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்குச் செய்துகொடுக்கும் ஏற்பாடு உண்டு. நடக்க முடியாதவர்களுக்கு அதுதான் உத்தமம். எங்கள் தெருவுக்கு வருகிறவர் அந்த வாரம் வரவில்லை. கடைசியில் கைபேசியிலேயே முடித்தோம். உயிர்வாழ் சான்றிதழை ஆதார் மூலம் இணையத்தில் கொடுக்கும் ஜீவன் பிரமாண் திட்டம் 2014 நவம்பரில் தொடங்கியது. முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வசதி 2021 நவம்பரில் சேர்ந்தது. அதற்கு ஜீவன் பிரமாண் செயலியோடு ஆதார் முக அடையாளச் செயலி ஒன்றும் வேண்டும். இரண்டையும் இறக்கிவிட்டு அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன்.

செயலி அம்மாவைக் கேட்கவில்லை. முதலில் என் ஆதார் எண்ணைக் கேட்டது, பிறகு என் முகத்தைக் கேட்டது. பதிவு செய்கிறவன் யார் என்று தெரிந்தால்தான் அடுத்த படி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாள் இது முதியவர்களை அவமதிக்கும் ஏற்பாடு என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். அம்மா என்றைக்காவது இறந்துவிட்டு உயிரோடு இருப்பதாக ஏமாற்றப் போகிறாளா என்ன? ஏமாற்றக்கூடியவன் நான். இறப்பைச் சொல்லாமல் மறைத்து, மாதாமாதம் அட்டையை இயந்திரத்தில் சொருகிப் பணம் எடுக்கக்கூடியவர்கள் பிள்ளைகள்தான். அப்படி எடுத்துப் பிடிபட்டவர்கள் செய்தித்தாளில் வருவதும் உண்டு. சந்தேகம் என்மேல். விரலைத் தேய்த்துக்கொண்டு அலைவது மட்டும் அவள். இதை அம்மாவிடம் சொன்னேன். "விதி போட்டவன் தெரிந்துதான் வைத்திருக்கிறான்" என்றாள், சிரிக்காமல்.

அம்மாவின் முறை வந்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு போட்ட கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். கண்ணைச் சிமிட்ட வேண்டும் என்றது திரை. அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டவர்களுக்குச் சிமிட்டாமல் இருப்பதுதான் பழக்கம். கேமராவைக் கண்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை அகல விரித்துவிட்டாள். "சிமிட்டு அம்மா" என்றால் இன்னும் விரிகிறது. நேரம் கடந்துவிட்டதாகச் சொல்லிச் செயலி ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கியது. வேண்டாம் விடு என்று நான் சலித்துக்கொண்ட நேரத்தில், "என்னடா, முடிந்ததா?" என்று கேட்டுச் சிமிட்டினாள். பச்சை வட்டம் வந்தது.

பிரமாண் எண் குறுஞ்செய்தியாக வந்துவிட்டது. பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். எண் வந்தால் சான்றிதழ் உருவாகிவிட்டது என்றுதான் பொருள், வங்கி ஏற்றுக்கொண்டது என்று பொருளல்ல. ஓய்வூதிய ஆணை எண்ணிலோ கணக்கு எண்ணிலோ ஓர் இலக்கம் பிசகினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏற்றுக்கொண்ட தகவல் வரும்வரை விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது.

அம்மா இதைத் தெருவில் சொல்லிவிட்டாள். சாயங்காலமானால் யாராவது ஆதார் அட்டையோடு திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வெளிச்சம் சரியாக இருக்கிறதா, பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மறுமணக் கேள்வியை மட்டும் அம்மாவே கேட்கிறாள். பதில் வருவதற்குள் நான் 'இல்லை'யை அழுத்திவிடுகிறேன்.