366 படிகளும் கொஞ்சம் சில்லறையும்

ப்ரூஜ் நகரத்தை அடியோடு வெறுத்த ஒருவனால்தான் நான் ப்ரூஜுக்குப் போனேன். பெயர் ரே. கூலிக்குக் கொலை செய்கிறவன். மார்ட்டின் மெக்டோனா இயக்கி 2008இல் வந்த 'இன் ப்ரூஜ்' படத்தில் காலின் ஃபாரல் நடித்த பாத்திரம்.

லண்டனில் ஒரு பாதிரியாரைச் சுடப்போய், தேவாலயத்தில் இருந்த ஒரு சிறுவனையும் கொன்றுவிடுகிறான் ரே. அவனையும் மூத்த கூட்டாளி கென்னையும் பெல்ஜியத்தில் உள்ள ப்ரூஜுக்கு அனுப்பிவிடுகிறார் முதலாளி. அங்கே ஊர் சுற்றிக்கொண்டு அவருடைய போனுக்காகக் காத்திருக்க வேண்டும். கென் கோபுரம், கால்வாய் என்று ரசிக்கிறார். ரேயோ பள்ளிச் சுற்றுலாவுக்கு இழுத்து வரப்பட்ட பையன்போல முனகுகிறான். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தச் சிறுவன் கையிலிருந்த சீட்டைக் காட்டினார்கள். பாவமன்னிப்பு கேட்க எழுதி வைத்திருந்த பட்டியல். கணக்கு சரியாக வராததும் அதில் ஒரு பாவம்.

பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். கால்வாய்களும் அன்னங்களும் படத்தில் பார்த்த மாதிரியே இருந்தன, ஆனால் ரோசன்ஹூட்காய் கரையில் படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. திரு இரத்தப் பேராலயத்துக்குள் போனால் ஒன்றுமே பொருந்தவில்லை. படத்தில் இந்தப் பேராலயம் வரும் காட்சியை ஊரின் இன்னொரு மூலையில் உள்ள ஜெருசலேம் தேவாலயத்தில் எடுத்திருக்கிறார்கள்!

க்ரூனிங்க அருங்காட்சியகத்தில்தான் கால் நின்றுவிட்டது. ஹீரோனிமஸ் பாஷின் 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தை ரே பார்ப்பது இங்கேதான். எனக்கு அதைவிட ஜெரார்ட் டேவிட் 1498இல் வரைந்து முடித்த ஓவியம்தான் வயிற்றைப் பிசைந்தது. லஞ்சம் வாங்கிய நீதிபதியை மேசையில் கிடத்தி, உயிரோடு தோலை உரிக்கிறார்கள். உரிப்பவர்களில் ஒருவன் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு, காலிலிருந்து காலுறையைக் கழற்றுவதுபோல நிதானமாக இழுக்கிறான். பின்னணியில் அதே தோலை விரித்த நாற்காலியில் நீதிபதியின் மகன் அடுத்த நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறான். இதை வரையச் சொன்னது நகர மன்றம். தீர்ப்புச் சொல்பவர்கள் தினமும் பார்க்கட்டும் என்று தங்கள் அறையிலேயே மாட்டிவைத்தார்களாம். கொலைகாரர்களை ஒளித்துவைக்க முதலாளிக்குக் கிடைத்த ஊரைப் பாருங்கள்.

கடைசியாக மணிக்கோபுரம். 83 மீட்டர், 366 படிகள். மேலே போகப்போகப் படி குறுகி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறுதான் மிச்சம். எதிரே யாராவது இறங்கினால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். ரே ஏற மறுத்ததன் நியாயம் பாதி வழியில் புரிந்தது. (படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

ரேயைக் காப்பாற்ற கென் இங்கிருந்துதான் குதிக்கிறார். குதிக்கும் முன் சட்டைப்பையிலிருந்த சில்லறையைக் கீழே உதறுகிறார். காசு விழுகிற சத்தத்தில் சதுக்கத்தில் இருப்பவர்கள் விலகிக்கொள்வார்களே! ஆயுசெல்லாம் ஆளைக் கொன்றவர், தன் சாவில் யாருக்கும் அடிபடக் கூடாது என்று பார்க்கிறார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

மேலே சாளரங்களில் கம்பிவலை. மார்க்ட் சதுக்கம் பொம்மைக்கடைபோலத் தெரிந்தது. சட்டென்று 47 மணிகளும் சேர்ந்து ஒலிக்க ஆரம்பித்தன, பக்கத்தில் நின்ற குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. என் கையும் தானாக சட்டைப்பைக்குப் போனது. கொஞ்சம் சில்லறை இருந்தது. இறங்கி வந்து, கோபுரத்தடியிலேயே இருக்கும் கடையில் அதைக் கொடுத்து, மயோனைஸ் போட்ட உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டேன்.