வெள்ளத்தில் நின்ற காரைத் திருப்பிக் கொடுத்தோம்

தம்பி வாங்கிய பழைய காரை ஒருவழியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் தண்ணீருக்குள் நின்ற வண்டி அது. விற்றவர்கள் "வெள்ளத்துல மாட்டாத வண்டி சார்" என்று அடித்துச் சொன்னார்கள். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்த்தால் உள்ளே காய்ந்த சேறு! கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டதும் இன்சூரன்ஸ் கிளெய்ம் வரை எல்லாம் வெளியே வந்தது.

"விற்ற வண்டி திரும்பப் பெறப்படாது" என்று ரசீதில் அச்சடித்திருந்ததைக் காட்டினார்கள். அந்த ஒரு வரிக்குப் பயந்து எத்தனை குடும்பங்கள் பணத்தை விட்டிருக்குமோ, நினைத்தாலே வயிறு எரிகிறது. பொய் சொல்லி ஏமாற்றி விற்றால் வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். 1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 19. வியாபாரியிடம் வாங்கியதென்றால் 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் நோட்டீஸில் இதெல்லாம் போன பிறகுதான் இறங்கி வந்தார்கள்.

சரி, பணம் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்த வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்களுடையது என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. படிவம் 29, 30 கொடுத்துப் பெயரை மாற்றுங்கள். லோன் இருந்தால், ஆர்.சி.யில் உள்ள லோன் பதிவை நீக்கப் படிவம் 35-உம் பேங்க் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும்.

இதே சிக்கலில் இருப்பவர்கள் 1915-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது.