"உள்ளது" என்ற ஒரு சொல்

"சூரியன்ல 10⁵⁸ தானே சார் இருந்துச்சு? கருந்துளை ஆனதும் 10⁷⁷. மிச்சத்தை யார் உள்ள வச்சது?"

கருந்துளை பற்றிய வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நான் பலகையில் எழுதியிருந்த வரி இது: "சூரியனின் நிறையுள்ள கருந்துளையில் சுமார் 10⁷⁷ பிட் தகவல் உள்ளது." கணக்கில் பிழையில்லை. ஆரம் 2.95 கிலோமீட்டர், நிகழ்வெல்லையின் (அதைத் தாண்டினால் ஒளியும் திரும்பாது) பரப்பு ஏறத்தாழ 11 கோடி சதுர மீட்டர். அதைப் பிளாங்க் நீளத்தின் வர்க்கத்தால் (2.6 × 10⁻⁷⁰ சதுர மீட்டர்) வகுத்து, மறுபடியும் 4ஆல் வகுத்தால் என்ட்ரோபி (வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே எத்தனை விதமாக அமையலாம் என்பதன் அளவு) 1.05 × 10⁷⁷. பிட்டாக மாற்ற 0.693ஆல் (2இன் இயல் மடக்கை) வகுக்க வேண்டும், 1.5 × 10⁷⁷ வரும். பெரும்பாலோர் சறுக்குவது 2π-யில்தான். பிளாங்க் நீளத்தைக் கணக்கிடும்போது பிளாங்க் மாறிலியை 2π-யால் வகுக்காமல் அப்படியே போட்டுவிடுவார்கள். அந்த மாணவி சறுக்கவில்லை. சூரியன் உண்மையில் கருந்துளையாகாது, நிறை போதாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"சரிந்து விழும்போது என்ட்ரோபி கூடும், இரண்டாம் விதி" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சொன்னது பொய்யில்லை. ஆனால் பலகையில் இருந்தது என்ட்ரோபி இல்லை, தகவல். குவாண்டம் விதிகளின்படி நடக்கும் மாற்றத்தில் தகவல் பிறக்காது, அழியாது என்று முந்தைய வாரம் அதே வகுப்பில் சொன்னதும் நான்தான். இரண்டும் சேர்ந்து நிற்காது. கருந்துளைக்கு என்ட்ரோபி உண்டு என்று சொன்ன இயற்பியலாளர் பெகன்ஸ்டைன் தன் 1973 கட்டுரையில் கருந்துளையின் என்ட்ரோபியைத் தகவலோடு சேர்த்தே பேசுகிறார், எல்லோரும் இப்படித்தான் சுருக்கிச் சொல்கிறோம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். திரும்பப் படித்தால் அவர் சொல்வது, வெளியே நிற்பவருக்கு எட்டாத தகவலின் அளவு. "உள்ளது" என்பது என் சேர்க்கை. தமிழில் தகவல் என்றாலே தருபவர் ஒருவரும் பெறுபவர் ஒருவரும் வந்துவிடுகிறார்கள். யார் வைத்தது என்று அவள் கேட்டதும் அதனால்தானோ என்னவோ.

இரண்டு என்ட்ரோபி இருப்பதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நோட்டில் எத்தனை பக்கம் என்பது வேறு, எத்தனை பக்கத்தில் எழுதியிருக்கிறது என்பது வேறு. நிறை, சுழற்சி, மின்னூட்டம் மாறாமல் உள்ளே எத்தனை விதமான அமைப்பு சாத்தியம் என்று எண்ணினால் கிடைப்பது முதலாவது. 10⁵⁸ என்பது 10⁷⁷ ஆவது அங்கேதான். துல்லியமான குவாண்டம் நிலையைப் பற்றியது இரண்டாவது. ஒரே ஒரு குவாண்டம் நிலையில் இருந்த நட்சத்திரம் சரிந்தால் இந்த இரண்டாவது என்ட்ரோபி முன்பும் சுழி, பின்பும் சுழி. யாரும் எதையும் உள்ளே வைக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதி. ஆனால் 2006இல் இயற்பியலாளர்கள் ரியூவும் தகயனாகியும் தந்த வாய்பாட்டில், ஒரு வெளியைச் சூழ்ந்த எல்லைப் பரப்பின் ஒரு பகுதி மற்ற பகுதியோடு கொண்ட குவாண்டம் பின்னலின் (ஒன்றின் நிலையை மற்றதை விட்டுத் தனியாகச் சொல்ல முடியாத பிணைப்பு) என்ட்ரோபி, உள்ளே வரையக்கூடிய மிகச்சிறிய பரப்பில் நாலில் ஒன்று. அதே பரப்பு, அதே நாலில் ஒன்று. ஆனால் இங்கே கிடைப்பது இரண்டாவது வகை. பின்னலால் இணைந்த இரட்டைக் கருந்துளையில் நிகழ்வெல்லையின் பரப்பே அந்தப் பரப்பாகிறது. சரிந்து உருவான கருந்துளையில் அந்தப் பரப்பு சுருங்கி ஒன்றுமில்லாமல் போகிறது, விடை சுழி. அப்படியானால் "உள்ளது" முழுத் தவறா? ஒரு கருந்துளைக்குப் பொருந்துகிறது, இன்னொன்றுக்குப் பொருந்தவில்லை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அன்று இதையெல்லாம் சொல்லியிருந்தால் அவள் குழம்பியிருப்பாள் என்று ஒரு நாள் தோன்றும். குழம்ப விடாததுதான் தவறு என்று மறுநாள் தோன்றும்.

இந்த வாய்பாடு பிறந்ததும் எதிர்மறை அண்டவியல் மாறிலி (வெற்றுவெளிக்கே உள்ள ஆற்றல் சுழிக்குக் கீழே) கொண்ட வெளியில். நம்முடையது அப்படியில்லை, விரிவு வேகமெடுக்கிறது என்று 1998இல் மீவிண்மீன் வெடிப்புகள் (சூப்பர்நோவா) காட்டிவிட்டன.

அடுத்த ஆண்டு வரியை மாற்றினேன்: "வெளியே இருப்பவருக்குத் தெரியாத தகவல் 10⁷⁷ பிட்." அதற்கு யாரும் கேள்வி கேட்கவில்லை. இரண்டு வகுப்பு கழித்து, கிப்பன்ஸும் ஹாக்கிங்கும் 1977இல், அண்டத்தில் நமக்கு எட்டக்கூடியதன் எல்லைக்கும் அதே நாலில் ஒன்றைக் காட்டியதை எழுத வேண்டியிருந்தது. இன்றைய அளவுகளை இட்டால் சுமார் 10¹²². கருந்துளைக்கு எழுதிய அதே சொற்களை அதற்கும் எழுதப் போனேன். அங்கே நாம் உள்ளே இருக்கிறோம், தெரியாதது வெளியே. ஒவ்வொரு பார்வையாளருக்கும் எல்லையும் வேறு. எண்ணை மட்டும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டேன்.