நேபோ மலையில் உபாகமம் 34

மோசே மரிக்குமுன் கர்த்தர் அவனுக்கு வாக்குத்தத்த தேசத்தைக் காண்பித்த இடம் நேபோ மலை. எருசலேம் பயணத்தை யோர்தான் நாட்டிலிருந்து தொடங்கும் குழுக்கள் அதற்கு அரைமணி நேரம்தான் ஒதுக்குகின்றன. அது போதாது. மாதபா நகரத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தூரம். பஸ் உச்சிக்கு அருகில் வரை போகும். மீதி நடை கொஞ்சம்தான், முதியோரும் நடக்கலாம்.

காலையிலேயே போய்விடுங்கள். பார்க்க வேண்டிய தேசம் மேற்கே இருக்கிறது. காலை வெயில் முதுகுப்பக்கம் இருந்து பள்ளத்தாக்கைத் துலக்கிக் காட்டும். மாலையில் அதே வெயில் கண்ணில் அடிக்கும். கோடையில் சவக்கடல் மேல் மங்கல் படர்ந்து எதிர்மலைகூடத் தெரியாமல் போவதுண்டு. குளிர்கால மழை ஓய்ந்த மறுநாள் காலை மிக நல்லது.

முதலில் காட்சி மேடைக்குப் போங்கள், ஆலயம் பிறகு. மேற்கு நோக்கி நின்று உபாகமம் 34:1-3 வசனங்களை ஒருவர் நிதானமாக வாசிக்க, மற்றவர்கள் வலப்புறம் வடக்கிலிருந்து இடப்புறம் தெற்கு வரை மெல்லத் திரும்ப வேண்டும். வசனத்தின் வரிசையே அதுதான்: கீலேயாத், தாண், நப்தலி, எப்பிராயீம், மனாசே, யூதா, தென்புறம். கடைசியில் பார்வை கீழே இறங்கி எரிகோவின் சமபூமிக்கு வருகிறது. எரிகோ 27 கி.மீ. தொலைவில் பச்சைத் திட்டாகத் தெரியும். எருசலேம் 46 கி.மீ.; தெளிவான நாளில் மட்டுமே பிடிபடும்.

வசனத்தில் யூதாவின் எல்லையாக வரும் "கடைசிச் சமுத்திரம்", அதாவது மத்தியதரைக் கடல், எங்கே என்று தேட வேண்டாம். நடுவில் யூதேயா மலைத்தொடர் மறைக்கிறது. இங்கிருந்து அந்தக் கடல் எவர் கண்ணுக்கும் எட்டாது. அதனால்தான் "கர்த்தர் காண்பித்தார்" என்ற சொல்லுக்கு இந்த மேடையில் அத்தனை கனம்.

வாக்குத்தத்தம் பிறந்த இடமும் இதே பார்வைக்குள் வருகிறது. வடமேற்கே 66 கி.மீ. தள்ளி சீகேம், இன்றைய நாப்ளுஸ். "உன் சந்ததிக்கு இந்தத் தேசத்தைக் கொடுப்பேன்" என்று ஆபிரகாம் கேட்டது அங்கேதான் (ஆதியாகமம் 12:7). தேசம் முழுவதும் அவனுக்கென்று சொல்லப்பட்டும், சாராளை அடக்கம்பண்ண எபிரோனில் ஒரு நிலத்துக்கு 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்தான். யாக்கோபு சீகேமில் 100 வெள்ளிக்காசுக்கு வாங்கிய நிலத்தில்தான் பின்னாளில் யோசேப்பின் எலும்புகள் அடக்கம்பண்ணப்பட்டன (யோசுவா 24:32). எகிப்திலிருந்து சுமந்து வந்த எலும்புகள்!

பல குழுக்களில் யோசுவா 21:45-ஐ மட்டும் வாசித்து, "ஒருவார்த்தையும் தவறிப்போகவில்லை" என்று ஸ்தோத்திரம் சொல்லி இறங்கிவிடுகிறார்கள். யோசுவா 13:1-ஐயும் சேர்த்து வாசியுங்கள்: சுதந்தரித்துக்கொள்ள இன்னும் மகா விஸ்தாரமான தேசம் மீதியிருந்தது. கர்த்தர் கொடுத்தார், ஜனங்கள் அதில் நடந்து போய்ச் சுதந்தரிக்க வேண்டியிருந்தது. ஒன்றை விட்டு மற்றதை வாசித்தால் வாக்குத்தத்தம் பாதியாகிவிடும்.

மோசேயின் கல்லறையை இங்கே தேட வேண்டாம். அதை ஒருவனும் அறியான் என்று உபாகமம் 34:6 சொல்லிவிட்டது. ஆலயத்துக்குள் 6-ஆம் நூற்றாண்டின் மொசைக் தரை இருக்கிறது. மேல் தரையைப் பெயர்த்தபோது 1976-ல் கிடைத்தது. வேட்டைக்காரரும் மேய்ப்பரும் நிறைந்த அதற்கு இருபது நிமிடமாவது கொடுங்கள்.

பிறகு பஸ் யோர்தான் பள்ளத்தாக்குக்கு இறங்கும். உச்சி கடல்மட்டத்துக்கு மேல் 700 மீட்டரைத் தாண்டும். சவக்கடலோ 400 மீட்டருக்கும் கீழே. காது அடைக்கும், எச்சில் விழுங்கிக்கொண்டே இருங்கள். கீழே விரிவது மோவாபின் சமனான வெளி. மோசேக்காக இஸ்ரவேலர் 30 நாள் அழுதது அங்கே. இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்ததைச் சொல்லும் யோசுவா 3-ஐ அந்த இடத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.