அம்பர் ஆருக்கு? ஆடி மாதக் குறிப்புகள்

ஜூலை 19, 2024. கிளிநொச்சி

ஆடி பிறந்துவிட்டது. இனி ஆவணி வரைக்கும் கலியாணம் இல்லை. பொம்பிளை அலங்காரத்துக்குப் போகிற எனக்கு ஊசி, கிளிப்பெல்லாம் எண்ணி வைக்கவும் கொண்டை வலைகளைத் தோய்த்துக் காயவிடவும் இதுதான் மாதம்.

லீவில் வந்த உறவுக்காரர் கையில் பரிஸ் மச்சாள் கொடுத்துவிட்ட பை இன்றைக்கு வந்து சேர்ந்தது. சொக்லேற், கோடாலித் தைலம், தம்பிக்குச் சப்பாத்து. அடியில், துவாய்க்குள் சுற்றி ஒரு சென்ட் போத்தல்: செர்ஜ் லூட்டன்ஸின் 'ஆம்ப்ர் சுல்தான்'. 1993இல் வந்த வாசம். சென்ட்டில் அம்பர் வகை என்றால் இன்னும் இதைத்தான் முதலில் காட்டுகிறார்களாம். மச்சாள் குரல் பதிவும் அனுப்பியிருந்தாள்: "கடைக்காரப் பிள்ளை சொன்னவள், இது நல்ல துணிச்சலான, ஆக்களைச் சுண்டி இழுக்கிற பொம்பிளையளுக்குத்தானாம். உன்ர பொம்பிளையளுக்குப் போட்டுப் பார்."

வன்னியில் துணிச்சல் இல்லாத ஒரு பொம்பிளையை அந்தக் கடைக்காரப் பிள்ளை வந்து காட்டட்டும்.

மணிக்கட்டில் ஒருதரம் அடித்தேன். இனிப்பாக வரும் என்று பார்த்தால் முதலில் வந்தது குசினி வாசம். பிரிஞ்சி இலை, கொத்தமல்லி, ஓமத்துக்குக் கிட்டிய ஒரு காரம். ஓரிகானோ இலை சேர்த்திருக்கிறார்கள். அதிலும் ஓமத்திலும் தைமோல் என்கிற வாசச் சத்து இருக்கிறது, காரம் அங்கிருந்துதான். அரை மணித்தியாலத்தில் அதெல்லாம் அடங்கி, கீழேயிருந்து பிசுபிசுப்பாய், சூடாய் இன்னொன்று ஏறியது. இரவுக் கோப்பை கழுவிய பிறகும் கையில் நின்றது.

ஜூலை 26

ஆடி வெள்ளி. தலைமுழுகி, அம்மா மூட்டிய சாம்பிராணிச் சட்டிக்கு மேலே முடியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்பருக்குள் இருக்கிற பாதி ஆள் எங்கட வீட்டு ஆள்தான் என்று அப்போது மூக்குக்குப் பிடிபட்டது.

சென்ட் செய்கிறவர்களின் அம்பர் தனி ஒரு பொருள் இல்லை, கூட்டு. லப்டானம் என்கிற பிசின், பென்சோயின், வனிலா, இந்த மூன்றும்தான் அதற்கு அத்திவாரம். பென்சோயின் எங்கட சாம்பிராணி. சுமாத்திராவிலும் லாவோசிலும் ஸ்டைராக்ஸ் மரத்தின் பட்டையைக் கீறிவிட்டு, வடிந்து இறுகியதைச் சுரண்டி எடுப்பார்கள். வனிலா வாசத்துக்குக் காரணமான வனிலினை 1874இல் ஜெர்மனியில் ஆய்வுகூடத்திலேயே செய்துவிட்டார்கள். வனிலாக் காயை நம்பியிருக்கத் தேவையில்லை என்று ஆனதும் சென்ட்காரர் கையை நீட்டி ஊற்றத் தொடங்கினார்கள். பிரான்சின் கெர்லான் கொம்பனியின் 'ஷாலிமார்' 1925இல் வந்தது. அதில் வனிலினை விட வாசம் கடுமையான எத்தில் வனிலின். இன்றைக்குப் பாதி அம்பர்கள் அதன் பேரப்பிள்ளைகள்.

நகையில் வைக்கிற மஞ்சள் அம்பர்க் கல்லுக்கு இதில் பங்கு கிடையாது. அது கல்லாகிப்போன பழைய மரப்பிசின், வாசமென்று சொல்ல ஒன்றுமில்லை. திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிற அம்பர், அதுவும் வேறு. முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கினால் கோடீஸ்வரன் என்று பொடியள் கதைப்பது அதைத்தான். வைத்திருந்து பிடிபட்ட ஆக்களின் செய்தியும் பேப்பரில் வருகிறது, அதைப் பொடியள் வாசிப்பதில்லை.

ஓகஸ்ட் 1

பக்கத்து வளவு அண்ணையின் ஆடுகள் பின்னேரம் பற்றைக்காட்டிலிருந்து வரும்போது தாடியில் நாயுருவி விதை, முள்ளு, சருகு என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். படலையடியில் குந்தியிருந்து ஒவ்வொன்றாய்ப் பிடுங்குவார்.

லப்டானத்தை மனிசர் எடுத்ததும் ஆட்டிலிருந்துதான். மத்தியதரைக் கடல் பக்கத்தில் சிஸ்டஸ் என்று ஒரு பற்றைச்செடி. வெயில் உச்சிக்கு ஏற ஏற இலையெல்லாம் பிசின் கசியும். மேயப்போன கிடாயின் தாடியில் ஒட்டியதைச் சீவி எடுத்திருக்கிறார்கள். நாற்றம் பிடித்த இடத்திலிருந்து வருகிற நல்ல வாசம் என்று கிரேக்கத்து ஹெரோடோட்டஸ் 2,400 வருசத்துக்கு முதலே எழுதிவிட்டார். கிரேத்தா தீவில் தோல் வார் கட்டிய ஒரு வாரியால் செடியை அடித்து எடுக்கிற வழக்கமும் இருந்தது. இப்போது பெரும்பாலும் ஸ்பெயினில் கொப்பை வெட்டி அவித்து எடுக்கிறார்கள்.

அண்ணையிடம் இதைச் சொன்னேன். "கிடாயின்ர தாடியில இருந்தோ? மணந்தால் சோறு இறங்காது, தங்கச்சி." மணிக்கட்டை நீட்டினேன். விருப்பமில்லாமல் குனிந்தார், பிறகு இன்னொருக்கா குனிந்தார். "தோல் செருப்பு. அதுக்கு மேல தேன் ஊத்தினது."

லப்டானத்துக்கு இதைவிடச் சரியாய் ஆரும் எழுதி நான் வாசித்ததில்லை.

ஓகஸ்ட் 4

ஆடி அமாவாசை. அப்பாவுக்கு விரதம், காத்தோட்டிக்காய்க் கறி. சென்ட் இல்லை.

ஓகஸ்ட் 9

வவுனியாவுக்குச் சாமான் வாங்கப் போனபோது அத்தர் விற்கிற நானாவிடம் ஏறினேன். அவரிடமும் அம்பர் என்று ஒன்று, சின்னச் சீசாவில், எண்ணெயாக. ஸ்பிரிற் இல்லாததால் பாய்ந்து வராது, தோலோடு கிடக்கும். கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு பொட்டு வைத்துவிட்டுச் சொன்னார்: "தேய்க்க வேணாம் தங்கச்சி. இந்த வெக்கைக்கு ஒரு பொட்டுக் காணும். ரெண்டு வச்சீங்களெண்டா பஸ்ஸில பக்கத்தில இருக்கிறவர் புளியங்குளத்திலயே இறங்கிப் போயிடுவார்."

குளிர்நாட்டுக்காரர் அம்பரைக் கோட்டுக்குள் போடுகிற வாசமாகத்தான் பார்க்கிறார்கள். அங்கே மெதுவாக ஆவியாகிறது இங்கே ஏ-9 வீதி வெயிலில் ஒரேயடியாகக் கிளம்பும். அதனால் வன்னிக்கு அம்பர் ஆகாது என்று சொல்லமாட்டேன். அளவைக் குறைக்கவேணும், போடுகிற ஆளைப் பார்க்கவேணும்.

ஓகஸ்ட் 12

இன்றைக்கு ஆளைப் பார்த்தேன்.

முதலில் கடையில் எனக்கு உதவிக்கு நிற்கிற பிள்ளை. கலகலப்பு, வாய் ஓயாது, போட்டால் கடும் சிவப்புத்தான். மச்சாளின் கடைக்காரி கண்டிருந்தால் இவளுக்குத்தான் விற்றிருப்பாள். கழுத்தில் இரண்டுதரம் அடித்துவிட்டேன். அவள் வாசலுக்கு வரமுதல் சென்ட் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுடைய சிரிப்பு ஒரு பக்கம், சாம்பிராணி ஒரு பக்கம், இரண்டும் ஒன்றையொன்று கதைக்கவிடவில்லை. மத்தியானத்துக்குள் "அக்கா, தலையிடிக்குது, கழுவட்டோ?" என்று கேட்டாள். இவளுக்கு எலுமிச்சை, நாரத்தை, பச்சை இலை வாசம்தான். சட்டென்று வந்து சட்டென்று போகவேணும்.

பிறகு சித்தி. எத்தனை தரம் இடம்பெயர்ந்தபோதும் தையல் மெசின் தலையை மட்டும் விடாமல் தூக்கிக்கொண்டு வந்தவ. அதிகம் கதைக்கமாட்டா. ஊரில் பிரச்சினை உள்ளவர்களெல்லாம் சட்டை தைக்கக் கொடுக்கிற சாட்டில் அவவிடம் வந்து இருந்துவிட்டுப் போவார்கள். போத்தலைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டா.

"வேண்டாம் பிள்ளை. சென்ட் எண்டால் எனக்குச் செத்தவீடுதான் ஞாபகம்."

அவ சொல்வது ஓடிக்கொலோனை. 1709இல் இத்தாலிக்காரர் ஃபரீனா ஜெர்மனியின் கொலோன் நகரில் தோடை, எலுமிச்சை வாசத்தோடு விற்கத் தொடங்கிய தண்ணி. எங்கட பக்கத்தில் அது காய்ச்சல்காரரின் நெற்றித் துணியிலும் செத்தவீட்டு லேஞ்சியிலும்தான் அதிகம் வாழ்ந்திருக்கிறது. 'ஆருக்கும் பொருந்துகிற புத்துணர்ச்சி வாசம்' என்று பெட்டியில் எழுதுகிறவர்களுக்கு இந்த வீடுகள் தெரியாது.

இது வேறு என்று சொல்லி முழங்கை மடிப்பில் ஒரே ஒருதரம். ஒன்றும் நடக்கவில்லை. பட்டன் காச்சு எடுத்தா, நூலைப் பல்லால் கடித்தா, மெசினுக்கு எண்ணெய் விட்டா. வெயில் சாய்கிற நேரம் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பிள்ளை அளவு நாடாவுக்குள் நின்றபடி கேட்டது: "அன்ரி, சுவாமி அறை திறந்து கிடக்கோ?" சித்தி என்னைப் பார்த்தா, ஒன்றும் சொல்லவில்லை. அளவு முடிந்தும் அந்தப் பிள்ளை போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மாமியார் கதையைத் தொடங்கிவிட்டது.

கடைக்காரி சொன்னதோடு எனக்கு ஒத்துவராத இடம் இதுதான். அம்பரின் பிசின்களும் வனிலினும் எழும்பிப்போக நேரம் எடுக்கிறவை. முதல் ஐந்து நிமிசத்தில் ஒரு ஆளைப் பிடித்துப்போட வேணும் என்கிறவர்களுக்கு இது உதவாது. இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் இருந்தாலும் அலுக்காத ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். தங்களைக் காட்டிக்கொள்ளாத ஆட்கள், மற்றவர் கதையைக் கேட்க நேரமுள்ளவர்கள். அம்பர் அவர்களுக்கு. ஆணோ பெண்ணோ, வயது என்ன, கறுப்போ சிவப்போ, அதெல்லாம் கணக்கில்லை. ஆட்டுக்கார அண்ணைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். போடமாட்டார், அது வேறு கதை.

ஓகஸ்ட் 18

ஆவணி தொடங்கியதும் முதல் கலியாணம். முழங்காவில் பக்கத்துப் பொம்பிளை, மாப்பிள்ளை பகுதி கனடா. தாய்க்குத்தான் பதற்றம்: "அவையள் வெளிநாட்டுச் சனம் தங்கச்சி, நல்ல பிரான்ஸ் சென்டா எல்லா இடமும் அடிச்சு விடுங்கோ."

மகள் அவ்வளவு நேரமும் நான் நகை வைத்துப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "பூவோட ஒத்துப்போகுமோ, அக்கா?"

ஆளைப் பிடித்துவிட்டேன். ஒத்துப்போகும். மல்லிகையின் அடியில் கொஞ்சம் கனமான, மிருகத்தனமான வாசம் கிடக்கிறது. அம்பர் அதைத் தூக்கிப் பிடிக்கும். கனகாம்பரத்துக்கு வாசமே இல்லை, பிரச்சினையும் இல்லை. தாய்க்குச் சொன்னது: சேலையில் ஒரு துளியும் படக்கூடாது. இந்தச் சென்ட் நிறமே கடும் தேன் நிறம். வனிலின் காற்றுப்பட்டுக் கபிலமாகிற சாமான். கூறையில் கறை விழுந்தால் ஆராலும் எடுக்கேலாது.

ஓகஸ்ட் 22

விடிய மூன்று மணிக்கு வேலை தொடங்கியது. சட்டை போடமுதல் பிடரியில் ஒன்று, முழங்காலுக்குப் பின்னால் ஒன்று. பத்து நிமிசம் ஃபானுக்குக் கீழே காயவிட்டுப் பிறகுதான் கூறைக்குக் கை வைத்தேன். பிடரியில் போட்டால் கொண்டைப் பூவுக்குக் கீழே இருக்கும், குனியும்போதுதான் வெளியே வரும்.

மண்டபத்தில் ஏசி வேலைசெய்யவில்லை. ஐயர் நெய்யை விட்டுக்கொண்டே இருந்தார். வேறு சென்ட் போட்டு வந்த எல்லாருடையதும் புகையோடு சண்டைபிடித்துப் புளித்துப்போய்விட்டது. புகைக்குள் நின்று பிடித்தது அம்பர் ஒன்றுதான், அது பிறந்ததே பிசின் எரிக்கிற குடும்பத்தில். காலில் விழுந்து எழும்பிய பொம்பிளையைக் கொஞ்சிய மாப்பிள்ளையின் அப்பம்மா அவளை விடாமல் பிடித்துக்கொண்டு கழுத்தடியை இன்னொருக்கா மணந்துபார்த்தா. "ரொறன்ரோவில இப்பிடி ஒருத்தரும் மணக்கிறேல்லை."

ஓகஸ்ட் 25

மாப்பிள்ளையின் தங்கச்சி போன் எடுத்தா. அடுத்த மாதம் அவவின் சினேகிதிக்குக் கலியாணமாம், அதே சென்ட் அடிக்கவேணுமாம். சினேகிதியையும் போனில் போட்டா. அந்தப் பிள்ளை மூச்சு விடாமல் கதைத்தது, சிரித்தது, பாதியில் யாருக்கோ நாயைப் பிடிக்கச் சொல்லிக் கத்தியது. எனக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது.

நாரத்தைப் பூ வாசத்தில் ஒன்று பார்த்து வாங்கி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்பர் போத்தல் இப்போது சித்தியின் மெசின் லாச்சிக்குள் இருக்கிறது. மச்சாளுக்கு இன்னும் சொல்லவில்லை.